எழும்பச் சொன்னவர்

அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே, கடற்காற்று ஆளைத் தள்ளும் ஒரு மைதானத்தில், நூறு கிலோவுக்குக் குறையாத நாற்பது ஆண்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். எதிரணிப் பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் வாய் திறந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் எல்லோரும் அவர் பக்கத்தில் போய், ஹெல்மெட்டைக் கழற்றி, குனிந்து காதைக் கொடுப்பார்கள். அப்படிக் குனிந்தவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் யாராவது தாழ்ந்த குரலில் என்னை ஒரு வேலை செய்யச் சொன்னால் எனக்குப் பிடரி கூசும்.

அவர் அமெரிக்கர். சோளம் விளையும் ஏதோ ஒரு மாநிலத்தில் பிறந்து, கல்லூரி அணியில் ஆடி, பெரிய கழகம் ஒன்றின் வாசல்வரை போய்த் திரும்பியவர். பிறகு ஜெர்மனியில் ஆடினார். அங்கிருந்து டென்மார்க்குக்கு வந்து, முழங்கால் போகும்வரை ஆடி, போனதும் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அமெரிக்கன் ஃபுட்போல் என்று பெயர்தான். பந்தில் கால் படுவது குறைவு. முட்டை மாதிரியான பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் மோதி விழுத்துவார்கள். டென்மார்க்கில் அப்போதுதான் அந்த விளையாட்டு முளைவிட்டிருந்தது. பயிற்சியாளருக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே பகலில் நான் வேலை செய்த பண்டகசாலையிலேயே அவரும் பெட்டி அடுக்கினார்.

முதலில் கண்டது மொழிப் பள்ளியில். டேனிஷ் படிக்க வந்தவர்களில் நானும் அவரும் ஒரே வாங்கில். அவர் டேனிஷ்காரி ஒருத்தியைக் கல்யாணம் செய்திருந்தார். டென்மார்க்கில் வசிக்கும் உரிமை ஆறு கிழமையில் கைக்கு வந்ததாம். நான் மட்டக்களப்பில் மனைவியையும், நான் முகம் பார்த்திராத மகளையும் விட்டுவிட்டு அகதியாக வந்தவன். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்து ஒரு குளிர்காலம் கழிந்திருந்தது. பதில் இல்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த டேனிஷ் ஒன்றுதான். அந்த மொழியில் எல்லோருக்கும் ஒரே 'நீ'. ஆனாலும் என் மனசுக்குள் அவர் ஆரம்பத்திலிருந்தே 'நீங்கள்'தான். வேறொருவரும் அந்த நாட்டில் எனக்கு அப்படி வரவில்லை.

என் பெயர் அவர் நாக்கில் புரளவில்லை. ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். ஆங்கிலத்தில் அது 'பட்டிக்கலோ'. அன்றிலிருந்து நான் 'பட்டி'. என் அறைத்தோழர், யாழ்ப்பாணத்து அண்ணை, இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆட்டுப்பட்டியோ, மாட்டுப்பட்டியோ? வடிவாக் கேட்டனியோ?"

ஒருநாள் பண்டகசாலையில் அடுக்கிய பெட்டிகள் சரிந்தன. நான் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றேன். உதவிக்கு ஆள் வரச் சில நிமிடம் ஆகிவிட்டது. அவர் தூரத்தில் நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்து பெட்டியைப் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கிட்ட வந்து, "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வா" என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நானும் போனேன். அவர் சொன்னார், அவ்வளவுதான்.

வலி என்ற ஒன்று அவர் அகராதியில் இல்லை. அவருடைய இடது சுண்டுவிரல் பக்கவாட்டில் வளைந்து கிடக்கும். பெட்டியில் மாட்டி அது இன்னும் வளைந்த ஒரு நாள், மேற்பார்வையாளர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இவர் பெட்டி ஒட்டும் டேப்பை எடுத்துப் பக்கத்து விரலோடு சேர்த்துச் சுற்றிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று வேலையைத் தொடர்ந்தார். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிட வந்தார். அண்ணை வேண்டுமென்றே உறைப்பை அள்ளிப் போட்டு நண்டுக் கறி வைத்திருந்தார். மனிதர் பச்சை மிளகாயையும் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். கண்ணால் நீர் ஓடுகிறது, மூக்கு சிவந்துவிட்டது, முகத்தில் ஒரு தசை அசையவில்லை. "உறைக்குதோ?" என்று கேட்டோம். "ஒன்றும் இல்லை." நாங்கள் சிரித்துக் களைத்துப் போனோம். அந்த மாலை எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

கல்லூரியில் தாடை உடைந்தபடியே அவர் ஒரு ஆட்டம் முழுவதும் ஆடினாராம். ஆட வைத்த பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லும்போது அவர் கண்ணில் நன்றி தெரிந்தது. "அவர் என்னைக் கிடக்க விடவில்லை," என்றார். அதே கடனை எங்களிடம் தீர்த்துக்கொண்டிருந்தார் போலும். மைதானத்தில் எவன் விழுந்தாலும் இவர் நடந்து போவார், ஓடமாட்டார். குனிந்து, ஹெல்மெட்டின் முன்கம்பியில் இரண்டு விரலை வைத்து, "உனக்கு ஒன்றும் இல்லை. எழும்பு" என்பார். எழும்பிவிடுவார்கள். மூச்சு முட்டினவன், கணுக்கால் புரண்டவன், மூக்கால் இரத்தம் வழிந்தவன், எல்லோரும். அது ஒரு மந்திரம் என்று பையன்கள் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கும் அந்த மந்திரம் வேலை செய்தது. விலா எலும்பில் அடிபட்டு மூச்சு விட முடியாமல் கிடந்தவன், அந்தக் குரல் கேட்டதும் எழும்பி நின்றேன். ஒரு மாதம் ஒருக்களித்துத்தான் படுத்தேன்.

ஆனால் அவர் எல்லோரிடமும் மறைத்தது ஒன்றை நான் மட்டும் கண்டேன். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே அவர் கார் வந்து நிற்கும். கண்ணாடிகளில் பழைய பத்திரிகையை விரித்து ஒட்டியிருப்பார். உள்ளே இருட்டில் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை தெரியாமல் கதவைத் தட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தவரின் கண் என்னைத் தாண்டி எங்கேயோ நின்றது. என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. சில நொடிகள்தான். பிறகு "பட்டி" என்றார். நான் பயந்துபோனேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கடிதப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவி மக்களைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த தமிழர் எல்லோரிடமும் ஒரு பிளாஸ்டிக் கோப்புறை இருந்தது. அதற்குள் நற்சான்றுக் கடிதங்கள். பாதிரியாரிடம் ஒன்று, முதலாளியிடம் ஒன்று, மொழிப் பள்ளி ஆசிரியையிடம் ஒன்று. நல்லவன், நேரத்துக்கு வருகிறான், டேனிஷ் பழகுகிறான் என்று வெள்ளைக்காரர் கையெழுத்தில் இருந்தால் கோப்பு நகரும் என்று யார் சொன்னது என்று தெரியாது, எல்லோரும் நம்பினோம். அண்ணையிடம் பதினொரு கடிதம் இருந்தது. பல் வைத்தியரிடமும் ஒன்று வாங்கியிருந்தார்.

"அடிமேல் அடி வைச்சா அம்மியும் நகரும். நீ உன்ரை கோச்சிட்டை ஒண்டு கேள். விளையாட்டுக்காரன் எண்டால் உவங்களுக்கு ஒரு மதிப்பு."

கேட்டேன். "எழுதித் தருகிறேன்" என்றார் கோச். அந்த வாரமே மனைவியின் கடிதமும் வந்தது. 'பக்கத்து வளவுவரைக்கும் ஆமி வந்து போயிட்டானுகள். புள்ளைக்கு உங்கட படத்தைக் காட்டித்தான் வாப்பா எண்டு சொல்லாம அப்பா எண்டு சொல்லப் பழக்கிறன், பக்கத்து முஸ்லிம் வீட்டுப் புள்ளைகளோட விளையாடி அவளுக்கு வாப்பாதான் வருது. எப்ப கூப்பிடுவீங்க?' படித்துவிட்டு வேலை இடத்துக் கழிப்பறையில் இருந்து அழுதேன். எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். அதற்காக எதுவும் செய்வேன் என்ற நிலையில் இருந்தேன்.

அணியில் தச்சு வேலை செய்யும் ஒரு டேனிஷ் இளைஞன் இருந்தான். இருபத்திரண்டு வயது, எப்போதும் விசிலடித்துக்கொண்டிருப்பான். உடைமாற்றும் அறையில் எனக்குப் பக்கத்து ஆணி அவனுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடென்சேயில் ஆட்டம். அவன் தலையில் பலமான அடி. திரும்பி வரும் பஸ்சில் இரண்டு தடவை சத்தி எடுத்தான். கோச் முன் இருக்கையில் இருந்தபடி திரும்பிப் பார்த்துவிட்டு, "பஸ் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி. மற்றவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்: கோச், அவன், நான். கோச்சுக்குப் பிடித்த ஒரு பயிற்சி உண்டு. இரண்டு பேர் உச்சந்தலைகள் எதிரெதிரே இருக்கும்படி மல்லாந்து கிடக்க வேண்டும். விசில் ஊதினதும் துள்ளி எழும்பித் திரும்பி மோத வேண்டும். யார் பின்வாங்குகிறானோ அவன் தோற்றவன். தச்சுப் பையன் கிடக்கவில்லை. புல்லில் குந்தியிருந்து ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"எனக்கு எல்லாம் இரண்டு இரண்டாத் தெரியுது. ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து இப்பிடித்தான். இண்டைக்கு என்னாலை ஏலாது."

தெளிவாகச் சொன்னான். எனக்கு விளங்கும் டேனிஷில் சொன்னான். கோச் அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி, ஒரு தாய் பிள்ளைக்குத் தொப்பி போடுவதுபோல மெதுவாகத் தலையில் மாட்டிவிட்டார். முன்கம்பியில் இரண்டு விரல்.

"உனக்கு ஒன்றும் இல்லை. எழும்பு."

அவன் எழும்பினான். வந்து கிடந்தான். நான் கிடக்காமல் கோச்சைப் பார்த்தேன். இது வேண்டாம் என்று சொல்ல எனக்கு டேனிஷில் சொல் இருந்தது. மூன்று சொல் போதும். அவர் என்னைப் பார்த்தார். "பட்டி," என்றார், அதே தாழ்ந்த குரலில். நான் கிடந்தேன். விசில் கேட்டது. என் பலம் முழுவதையும் கொடுத்து மோதினேன். அரைகுறையாக மோதினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவன் சரிந்து விழுந்தான். இரண்டாவது முறை அவர் எழும்பச் சொன்னபோது அவன் எழும்பவில்லை. மூன்றாவது முறையும் சொன்னார். அவன் கண் பாதி திறந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அம்புலன்ஸை அழைத்தது யாரென்று நினைவில்லை. கோச் மட்டும் அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவன் சாகவில்லை. தலைக்குள் இரத்தம் கசிந்து, மண்டையைத் திறந்து, பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வெளியே வந்தான். வலது கை மடங்கிப்போனது. பேச்சு இழுத்தது. அந்த வாரம் முழுவதும் அவன் நினைவிலிருந்து அழிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கோச் என்னைக் கழக அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள். ஒன்று என்னைப் பற்றிய நற்சான்று. அழகாகத் தட்டச்சு செய்து, கழகத்தின் முத்திரையும் குத்தியிருந்தது. மற்றது விபத்து அறிக்கை. அதில் ஒரு வரி: விளையாட்டு வீரர் பயிற்சிக்கு முன் எந்த உபாதையும் இருப்பதாகத் தெரிவிக்கவில்லை. கீழே சாட்சிக்கு ஒரு கோடு.

"நீதான் பக்கத்தில் நின்றாய்," என்றார் கோச்.

இதைப் போட்டால் அதைத் தருவேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கையெழுத்துப் போடாமல் அந்த முத்திரைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவர் தடுத்திருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சோதித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைக் காட்டினேன். அண்ணை முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"திறமான கடிதம். பிறகேன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறாய்? வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

நான் போய்ப் படுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மைதானத்துக்கும் போகவில்லை. கோச்சும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

நான் வேலைக்குப் போகும் பஸ்சை ஓட்டியவர் அந்தப் பையனின் தகப்பன். மகனுடைய அணியில் இருந்தவன் என்று என்னை அவருக்குத் தெரியும். காலையில் ஏறும்போதெல்லாம் மகனைப் பற்றி ஒரு சொல் சொல்வார். இப்போது கரண்டி பிடிக்கிறான், இப்போது படியேறுகிறான். கடைசியில் எப்போதும் அந்த ஒரே வசனம்.

"வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மறைச்சுப் போட்டான். இப்ப தானே தன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான்."

நான் மாதச் சீட்டைக் காட்டிவிட்டுக் கடைசி இருக்கையில் போய் இருப்பேன். கொஞ்ச நாளில் சைக்கிளில் போகத் தொடங்கினேன். பனி கொட்டும்போதும் சைக்கிள்தான்.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். கோச்சின் கடிதம்தான் கதவைத் திறந்தது என்று அண்ணை சொன்னார், நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் என்னால் தூங்க முடிந்தது. அண்ணைக்குப் பதினொரு கடிதமும் பலிக்கவில்லை. கடைசியில் அவர் குடும்பத்துக்கும் அனுமதி வந்தபோது மூத்த மகன் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் திரும்பவே இல்லை.

பிறகு தமிழர் வழக்கு வெடித்தது. சட்டப்படி வரவேண்டிய எங்கள் குடும்பங்களை வரவிடாமல், கோப்புகளைக் கையில் எடுக்கவே வேண்டாம் என்று அமைச்சர் தடுத்து வைத்திருந்தார் என்பது விசாரணையில் வெளியே வந்தது. அரசாங்கமே விழுந்தது. தொலைக்காட்சியில் அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே இருந்து சொன்னார்கள், செய்தோம் என்பதுதான் எங்களுக்கு விளங்கிய சாரம். அண்ணை திரைக்குக் கிட்டப் போய் நின்றார்.

"சொன்னா? சொன்னாச் செய்திடுவியளோ? உங்களுக்கெண்டு ஒரு மண்டை இல்லையோ?"

நானும் சேர்ந்து திட்டினேன். கெட்ட வார்த்தையிலும் திட்டினேன். அப்படித் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வேறொன்று உறைத்தது. கோப்பை யாருமே திறக்கவில்லை என்றால் என் நற்சான்றை யார் படித்தது? ஒருவரும் படிக்கவில்லை. தடை நீங்கினதும் எல்லாக் கோப்பும் தானாகவே நகர்ந்தது. நான் அந்தப் பையனை விற்று வாங்கிய தாளுக்கு ஒரு பெறுமதியும் இருந்திருக்கவில்லை.

கோச்சைத் தேடிப் போனேன். அவர் அப்போது தனியாக இருந்தார். மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம். பட்டப்பகலில் திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடியிருந்தது. வாசலில் என்னைப் பார்த்து நெடுநேரம் யோசித்தார்.

"பட்டி. மனைவி வந்துவிட்டாளா?"

"வந்திட்டா. நாங்கள் ரெண்டு பேரும் போய் உண்மையைச் சொல்லுவம். அவன் அண்டைக்குச் சொன்னவன். ரெண்டு ரெண்டாத் தெரியுது எண்டு சொன்னவன். நீங்களும் கேட்டனீங்கள், நானும் கேட்டனான்."

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் அலுமாரியைக் கிண்டி அறிக்கையின் பிரதியை எடுத்து வந்தார். என் கையெழுத்தின் மேல் அந்த வளைந்த விரலை வைத்தார்.

"அவன் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே இருக்கிறது. நீயும் போட்டிருக்கிறாய்." பிறகு முகத்தை உயர்த்தி, "மனைவி வந்துவிட்டாளா?" என்று கேட்டார்.

நான் கிளம்புவதற்குள் அதை இன்னும் இரண்டு முறை கேட்டார். முதன்முறை கேட்பதுபோலவே, அதே அக்கறையோடு. அவர் பொய் சொன்னாரா, உண்மையிலேயே மறந்துபோனாரா என்று எனக்குத் தெரியவில்லை. பொய் என்றால் சண்டை பிடித்திருக்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததைத் தெரிந்தவன் இந்த உலகத்தில் இனி நான் ஒருவன் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை பையனின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். அவன்தான் கதவைத் திறந்தான். உடம்பு பருத்திருந்தது. இடது கையால் கோப்பி ஊற்றித் தந்தான். மேசையில் கொஞ்சம் சிந்தியது. நான் கோப்பியைத் தொடாமல், வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை டேனிஷில் சொன்னேன்.

"நீ மறைக்கேல்லை. நீ சொன்னனீ. இண்டைக்கு ஏலாது எண்டு கோச்சிட்டைச் சொன்னனீ. நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான். அந்தப் பேப்பர் பொய். உன்ரை அப்பாவுக்கும் வந்து சொல்லுறன், எங்கை வேணுமெண்டாலும் எழுதித் தாறன்."

"நான் சொன்னனானோ?" என்று கேட்டான். "ஓம், சொன்னனீ" என்றேன். மறுபடியும் கேட்டான், மறுபடியும் சொன்னேன். மடங்கிய கையை மற்றக் கையால் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அழுகிறான் என்று நினைத்தேன். அவன் யோசித்துக்கொண்டிருந்தான். யோசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டான்.

"நான் சொன்னது உனக்குக் கேட்டதெண்டால், பிறகேன் என்னை இடிச்சனீ?"

"அவர் சொன்னவர்," என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்குக் கேட்டது.